பாதி உயிர் விதி

உப்பங்கழி என்ற விளையாட்டைப் புத்தகமாகப் போட்டு விற்கும் அக்காவுக்கு அதை ஆடத் தெரியாது. இதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை, கேட்டவர்களிடம் அவரே சொல்லிவிடுவார். "போடுறது நான், ஆடுறது நீங்க. ரெண்டையும் ஒரே ஆள் செஞ்சா ரெண்டும் உருப்படாது" என்பார். ஆடுகிறவர்கள் அதைக் குறையாக நினைத்ததில்லை. அவருக்குப் பல்லக்கா என்று பெயர் வைத்திருந்தார்கள். பைண்டிங் பிரிந்துபோனாலும், பகடை ஒரே பக்கமாக விழுந்தாலும், கூடப் பிறந்த அக்காவிடம் மல்லுக்கு நிற்பதைப்போல உரிமையோடு போன் போட்டார்கள்.

பல்லக்கா என்ற பெயர் பழைய வேலையால் ஒட்டிக்கொண்டது. புத்தகம் போட வருவதற்கு முன் அவர் செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் இருந்தார். பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு பிடித்து, பல்லை ஒவ்வொன்றாக நட்டு, தேய்த்து மெருகேற்றி, சொன்ன நாளில் கொடுத்தாக வேண்டும். ஒரு நாள் தள்ளிப்போனால் எங்கேயோ ஒருவர் இன்னொரு நாள் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்பது அக்காவுக்குத் தெரியும். வாழ்க்கையில் அவர் எதையும் தாமதமாகச் செய்ததில்லை.

தம்பி இதற்கு நேர்மாறு. பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிறார். எந்த வேலையைத் தொட்டாலும் முடிக்க மனசு வராது. சனிக்கிழமைகளில் நண்பர்களைக் கூட்டிவைத்து ஆடுவதற்காக அவர் கற்பனை செய்ததுதான் உப்பங்கழி. அதில் பலகை இல்லை, காய் இல்லை. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் உட்கார்வார்கள். ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம்: படகோட்டி, மருத்துவச்சி, வழிகாட்டி, எங்கிருந்தோ தப்பி ஓடிவந்த காவலாளி. கடல் உள்ளே புகுந்து பாதி மூழ்கிப்போன ஒரு நாட்டில், தீவு தீவாகச் சரக்கு கொண்டுபோக வேண்டும். வழியில் என்ன எதிரே வருகிறது என்று கதைசொல்லி சொல்ல, நான் இதைச் செய்கிறேன் என்று மற்றவர்கள் சொல்ல, அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை தீர்மானிக்கும். கதை வாரக்கணக்கில் ஓடும்.

நண்பர்களின் நண்பர்கள் கேட்டார்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் கேட்டார்கள். தம்பி விதிகளை எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார். கடைசியில் அக்கா அவர் வீட்டுக்குப் போய்த் தாள் கட்டை வாரிக்கொண்டு வந்தார். "இவன் கையில விட்டா இது புத்தகமாவும் ஆகாது, பழைய பேப்பராவும் ஆகாது" என்றார். பல் கூடத்து வேலையை விட்டுவிட்டு, டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்தார். கீழே நாள் முழுவதும் காற்றடிக்கும் மெஷின் சீறிக்கொண்டிருக்கும். அக்கா வீட்டுக்காரர் லிப்ட் பழுது பார்ப்பவர். புத்தகக் கட்டுகளை முதல் தடவை தூக்கி வந்தபோது மாடிப்படியில் மூச்சுவாங்க நின்று, "ஊர் பூரா லிப்ட் ஓட வைக்கிறவன் பொண்டாட்டி, லிப்ட் இல்லாத மாடியாத் தேடிப் புடிச்சிருக்கா" என்றார்.

முதல் அச்சிலேயே அந்தக் கோளாறு நடந்தது.

உப்பங்கழியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் இத்தனை உயிர் என்று ஒரு கணக்கு உண்டு. அடிபட அடிபட அது குறையும். தீர்ந்துபோனால் ஆள் விழுந்துவிடுவார். விழுந்தவரை எழுப்புவதைப் பற்றித் தம்பி எழுதியிருந்த வாக்கியம் இது: "ஒருவர் விழுந்தால், அருகில் நிற்பவர் தன் உயிரில் பாதியைக் கொடுத்து அவரை எழுப்ப வேண்டும் என்று கதைசொல்லி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது." பக்கத்தின் அடியில் ஒரு படகுப் படம். படம் சின்னதாக இருக்கிறது, கொஞ்சம் பெரிதாக்குங்கள் என்று கடைசி நேரத்தில் அச்சகத்துக்குப் போன் போட்டுச் சொன்னது தம்பிதான். அவர்களும் பெரிதாக்கினார்கள். "என்று" தொடங்கிக் கடைசி வரி முழுவதும் படகுக்கு அடியில் போய்விட்டது. அச்சாகி வந்த புத்தகத்தில் வாக்கியம் "எழுப்ப வேண்டும்" என்பதோடு நின்றது. முற்றுப்புள்ளி மட்டும் இல்லை.

கூடாது என்று எழுதியது கட்டாயமாகிவிட்டது. தம்பி பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அக்கா ஒரு திருத்தச் சீட்டு அடித்து எல்லாப் பிரதியிலும் செருகினார். வாங்கியவர்கள் சீட்டைப் பக்க அடையாளமாக வைத்துக்கொண்டார்கள், அதில் எழுதியிருப்பதைப் படித்தவர்கள் குறைவு. முதலில் போன் செய்தவர் வரி அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர்.

"முப்பத்தோராம் பக்கத்துல ஒரு முற்றுப்புள்ளி விட்டுப்போச்சு. அடுத்த அச்சுல பாத்துக்கங்க" என்றார்.

"வேற எதுவும் விட்டுப்போன மாதிரி தெரியலையா?" என்று அக்கா கேட்டார்.

"இல்லையே. மத்ததெல்லாம் கச்சிதமா இருக்கு."

இதைக் கேட்டு வீட்டுக்காரர் வெகுநேரம் சிரித்தார். "வரி வசூலிக்கிறவருக்கே ஒரு வரி குறையுறது தெரியல பாரு."

பிறகு துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் கூப்பிட்டார். அவர் வாரத்துக்கு இரண்டு குழுக்களை வைத்து ஆடுகிறவர். எத்தனையோ விளையாட்டு ஆடியிருக்கிறோம், இப்படி ஒரு விதியைப் பார்த்ததில்லை என்றார். "பக்கத்துல நிக்கிறவன் பாதி உயிரக் குடுத்தே ஆகணும்னு போட்டீங்க பாருங்க, அதுலதான் எல்லாம் மாறிடுது. இப்ப யாரும் யாரையும் விட்டுட்டு ஓட முடியல. பக்கத்துல யார் நிக்கணும்னு யோசிச்சு நிக்கிறாங்க. எங்க குழுவுல ரெண்டு பேர் இதுக்கே ஒரு மாசம் பேசிக்கல. அப்புறம் சேந்தாங்க."

இப்படியாக அது பாதி உயிர் விதி என்று பெயர் வாங்கி ஊர் ஊராகப் போனது. ரசிகர்கள் கடிதத்தின் கடைசியில் "பாதி உயிருடன்" என்று கையெழுத்துப் போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பள்ளிக்கூட மண்டபத்தை எடுத்து, நாள் முழுவதும் ஆடினார்கள். முதல் கூட்டத்துக்குத் தம்பியும் போனார். ஒரு கல்லூரி மாணவி ஓடிவந்து, "அந்த ஒரு விதி போதும் சார். நீங்க வேற எதுவுமே எழுதியிருக்க வேண்டாம்" என்றாள். அவள் மனமார வாழ்த்தினாள், தம்பிக்குத்தான் அது முள்ளாகத் தைத்தது. அடுத்த வருஷத்திலிருந்து கூட்டம் என்றாலே அவருக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

வருஷங்கள் நன்றாகவே ஓடின. கொழுத்த வியாபாரம் இல்லை, வாடகைக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை. அப்போதுதான் மொத்த வியாபாரி ஒரு நாள் மாடியேறி வந்தார். கடைகளுக்குப் புத்தகம் எடுத்துப்போகிறவர், அக்காவை விட வயதில் பெரியவர், நயமாகப் பேசுவார்.

"ஆடுறவங்க எல்லாருகிட்டயும் உங்க புத்தகம் இருக்கும்மா. கிழியுற வரைக்கும் எதுக்கு மறுபடி வாங்கப்போறாங்க? எல்லாரும் செய்யுறதத்தான் சொல்றேன். விதிய மாத்துங்க, அட்டைய மாத்துங்க, இரண்டாம் பதிப்புன்னு போடுங்க."

"ஏற்கெனவே வாங்கினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்களே வாங்கிடுவாங்க. உங்க மேல அவ்வளவு பிரியம்."

அந்தப் பேச்சு அக்காவுக்கு உறுத்தியது. பிரியமாக இருக்கிறார்கள் என்பதற்காக ஒரே சாமானை இரண்டு தடவை அவர்கள் தலையில் கட்டுவதா? ஆனால் இரண்டாம் பதிப்பு என்றதும் தம்பி முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டார். "அந்த வரிய இப்பவாவது சரி பண்ணிடலாம்க்கா. ஒவ்வொருத்தர் உயிரும் அவங்கவங்களோடது. அதான் நான் எழுதினது." அவருடைய விளையாட்டு, அவர் எழுதியது. வேண்டாம் என்று சொல்ல அக்காவுக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் பதிப்பு கெட்டி அட்டையும் கலர் படங்களுமாக வந்தது. எழுப்புவது பற்றி மட்டும் ஒரு அத்தியாயமே இருந்தது. மருந்து, கட்டுப் போடுவது, ஓய்வு, எல்லாம் அவரவர் பொறுப்பு. பின்பகுதியில் தடித்த தாளில் தனிக் கொத்தாகத் தம்பி வரைந்த தீவுகளின் வரைபடங்கள். அதற்கு மட்டும் அவர் இரண்டு கோடை விடுமுறைகளைக் கரைத்திருந்தார்.

விற்பனை அமோகம். மொத்த வியாபாரி போன் செய்து, "சொன்னேன் இல்ல?" என்றார். அக்காவும் சந்தோஷப்பட்டார். ஆனால் கொஞ்ச நாளில் அவருக்கு ஒன்று இடித்தது. ஒரு புத்தகம் வெளியானால் போன் ஓயாமல் அடிக்க வேண்டும். இந்த விதியும் அந்த விதியும் மோதுகிறதே, படகு கவிழ்ந்தால் சரக்கு யாருக்குச் சொந்தம், இப்படி ஆயிரம் கேள்வி வரும். இந்தத் தடவை ஒருவரும் கேட்கவில்லை. வரி அலுவலகத்துக்காரர்கூட ஒரு பிழையும் சொல்லவில்லை. கீழே டயர் கடை மெஷின் சத்தம்தான் மாடி முழுக்கக் கேட்டது.

"திட்டுறதுக்குக்கூட ஆள் இல்ல" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"திட்டாம இருந்தா நல்லதுதான?"

"லிப்ட் வேல செய்யுதுன்னு யாரும் போன் பண்ண மாட்டாங்க, சரி. அதுல ஏறவே ஏறலைன்னாலும் போன் வராது இல்ல?"

அவர் தலையை ஆட்டினார். அது அவர் தொழிலில் தெரிந்த விஷயம்தான்.

அந்த வருஷக் கூட்டத்துக்கு அக்கா இரண்டு பெட்டிப் புத்தகங்களோடு போனார். மண்டபத்தில் இருபது மேசைகளுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் பகடை உருண்டுகொண்டிருந்தது. நடுவே நடந்துபோனபோது ஒவ்வொரு மேசையாகக் குனிந்து பார்த்தார். திறந்து கிடந்ததெல்லாம் பழைய புத்தகம். டேப் ஒட்டியது, அட்டை போனது, நூல் கோத்துத் தைத்தது. ஒரு மேசையில் ஆறு பேருக்கு ஒரே புத்தகம், பக்கங்களைப் பிரித்துக் கிளிப் போட்டுக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். புதுப் பதிப்பும் இருந்தது. ஆடிக்கொண்டிருந்த ஒரு மேசைக்காலுக்கு அடியில் அதை முட்டுக் கொடுத்திருந்தார்கள். கெட்டி அட்டை, நன்றாகத் தாங்கியது.

கிரேன்காரர் அவர் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். பெரிய உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றார்.

"நாங்க எல்லாரும் வாங்கிட்டோம்க்கா."

"வாங்கினது தெரியுது. ஆடலையா?"

"ஆடிப் பாத்தோம். நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா அவங்கவங்க உயிர அவங்கவங்க பாத்துக்கிட்டா, அப்புறம் எதுக்கு ஒரே படகுல போகணும்? ரெண்டு வாரத்துல எல்லாரும் தனித்தனியாக் கிளம்பிட்டாங்க."

"பின்ன எதுக்கு வாங்குனீங்க?"

அவர் தரையைப் பார்த்தார். "உங்க கடை நடக்கணும்ல."

அக்காவால் கோபப்படவும் முடியவில்லை, நன்றி சொல்லவும் கூசியது. அவரைச் சமாதானப்படுத்துவதற்காகவோ என்னவோ, கிரேன்காரர் தம் மேசையில் ஒரு ஆள் குறைகிறது, உட்காருங்கள் என்று கட்டாயப்படுத்தினார். எனக்கு ஆடத் தெரியாது என்று அக்கா எப்போதும் சொல்வதைச் சொன்னார். அந்தத் தடவை அது எடுபடவில்லை.

அவருக்கு ஒரு படகுக்காரி பாத்திரத்தைக் கொடுத்தார்கள். பக்கத்தில், காவலாளி வேஷத்தில், கண்ணாடி போட்ட ஒரு மனிதர். பேச ஆரம்பித்ததும் குரலை வைத்து அக்கா கண்டுபிடித்துவிட்டார். வரி அலுவலகத்துக்காரர். இத்தனை வருஷம் போனில் குற்றம் கண்டுபிடித்தவர், நேரில் பார்ப்பது அன்றுதான். ஆடும்போதும் குற்றம் கண்டுபிடித்தார். படகுக்காரி கயிறு கட்டிய விதம் தப்பு, புறப்பட்ட நேரம் தப்பு. அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு துடுப்புப் போட்டார்.

அலையாத்திக் காட்டு வாய்க்கால் ஒன்றில் கொள்ளைக்காரர்கள் மடக்கினார்கள். காவலாளி படகின் முனையில் நின்று தடுத்தார். பகடை கைவிட்டது. விழுந்தார். கிரேன்காரர்தான் கதைசொல்லி. அவர் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். மேசையில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வரி அலுவலகத்துக்காரர் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்காவின் பாத்திரச் சீட்டில் உயிர் பதினெட்டு என்று பென்சிலால் எழுதியிருந்தது. அழித்து ஒன்பது என்று எழுதினார். எழுதும்போது உண்மையிலேயே ஏதோ குறைந்ததுபோல இருந்தது என்று பிறகு வீட்டில் சொன்னார். பக்கத்துச் சீட்டில் ஒன்பது ஏறியது. அதற்கப்புறம் அன்று மாலை வரைக்கும் அந்தக் காவலாளி படகுக்காரிக்கு முன்னால்தான் நின்றார். கயிற்றைப் பற்றி வாய் திறக்கவில்லை. அக்கா தண்ணீர் குடிக்க எழுந்தபோது நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்.

புறப்படும்போதுதான் அக்கா இன்னொன்றைக் கவனித்தார். ஆடிய மேசையின் நடுவே விரித்திருந்த வரைபடம் புதுப் பதிப்பிலிருந்து எடுத்தது. பக்கத்து மேசையிலும் அதுவே. அதற்கடுத்த மேசையில் அட்டையில் ஒட்டி, மேலே கண்ணாடித்தாள் போர்த்தியிருந்தார்கள். மண்டபம் முழுக்கத் தம்பியின் தீவுகள். அக்கா நின்று திரும்பி ஒரு சுற்றுச் சுற்றிவந்து, பார்த்தது சரிதானா என்று உறுதிப்படுத்திக்கொண்டார்.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனார். மேசைக்கால் சமாச்சாரத்தைத் தவிர மற்றதையெல்லாம் சொன்னார். பழைய புத்தகத்தை, அந்த விதி அச்சான மாதிரியே, மறுபடி போடப்போகிறேன் என்றார்.

தம்பிக்கு முகம் சிவந்துவிட்டது. "அது நான் எழுதினது இல்ல."

"நீ எழுதினதுதான்டா. கடைசி வரி மட்டும் இல்ல."

"அந்தக் கடைசி வரிலதான்க்கா எல்லாமே இருக்கு. நான் வேண்டாம்னு சொன்னத, நான் சொன்னேன்னு ஊரே கொண்டாடுது. எனக்கு எப்படி இருக்கும்?"

"கஷ்டமாத்தான் இருக்கும்." அக்கா தம்பி எதிரே உட்கார்ந்தார். "ஆனா புதுசா வர்ற பசங்களுக்குப் பழைய புத்தகம் கிடைக்கல. ஆறு பேர் ஒரு புத்தகத்தப் பிச்சு வெச்சுக்கிட்டுக் கெடக்காங்க. வேண்டாத புத்தகத்த எனக்காக வாங்கிட்டு, வேணும்ங்கிற புத்தகம் இல்லாம ஆடுறாங்க. அத நான் பாத்துட்டுச் சும்மா இருக்க முடியாது."

தம்பி மனைவி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னொண்ணு. எல்லா மேசைலயும் உன்னோட வரைபடம் இருந்துச்சு."

"எதுல இருந்து எடுத்தது?"

"புதுசுல இருந்து. அலுங்காமப் பிரிச்சு எடுத்து, அட்டைல ஒட்டி, மேல கண்ணாடித்தாள் போட்டு வெச்சிருக்காங்க."

தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே, ஏதோ போகிற போக்கில் கேட்பதுபோல, "எந்த வரைபடம்? சதுப்பு நிலமா?" என்றார்.

"சதுப்பு நிலம், வடக்குத் தீவு, அந்த உடைஞ்ச பாலம். எல்லாந்தான்."

"பாலத்துக்கிட்ட ஆழம் தப்பாப் போட்டிருக்கேன்" என்றார் தம்பி. பிறகு தேநீரை எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அதற்கு மேல் அந்தப் பேச்சு நடக்கவில்லை, வேண்டியும் இருக்கவில்லை.

மொத்த வியாபாரிதான் குதித்தார். பின்னால் போகிற பதிப்பாளரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அக்கா அவர் பேசி முடிக்கும் வரை கேட்டுவிட்டு, தன் ஏற்பாட்டைச் சொன்னார். பழைய புத்தகம் சாதா அட்டையில், கைக்கு அடக்கமாக வரும், ஒரு எழுத்து மாறாது. விற்காமல் நிற்கும் புதுப் பதிப்பின் பைண்டிங்கைப் பிரித்து வரைபடக் கொத்தை மட்டும் எடுத்துத் தனிப் புத்தகமாகக் கட்டப்போகிறோம். ஏற்கெனவே இரண்டாம் பதிப்பு வாங்கியவர்களுக்குப் பழைய புத்தகத்தின் புது அச்சு ஒன்று இலவசம்.

"இலவசமா? ஒரு கேள்வியும் கேக்காம வாங்கினவங்களுக்கா?"

"கேக்காம வாங்கினாங்க இல்ல, அதுக்குத்தான்."

அவர் கையை விரித்துவிட்டு மாடியிறங்கினார். ஆனால் புத்தகம் வந்ததும் கடைகளுக்கு எடுத்துப்போனார். அக்கா மேல் அவருக்கும் பிரியம் உண்டு.

பழைய புத்தகம் மழை மாதிரிக் கொட்டவில்லை, சொட்டுச் சொட்டாக நிற்காமல் விற்றது. இலவசப் பிரதி கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதைத் தெரிந்த யாருக்காவது கொடுத்து, கற்றுக்கொடுத்து, புதுக் குழு சேர்த்தார்கள். போன் மறுபடி ஓயாமல் அடிக்கத் தொடங்கியது. வரைபடப் புத்தகம் வந்த வாரத்தில் வரி அலுவலகத்துக்காரர் கூப்பிட்டு, பாலத்துக்கு அருகில் ஆழம் தப்பாக இருக்கிறது என்றார். அக்கா போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அடுத்த கூட்டத்துக்குத் தம்பிக்கு வேலை எதுவும் வரவில்லை. வாசலில் தயங்கி நின்றவரை ஒரு பையன் வரைபடத்தோடு வந்து பிடித்தான். "சார், இந்தச் சதுப்புல ஒரு வழி மாதிரி போட்டிருக்கீங்களே, அது எங்க போய் முடியுது?" தம்பி காட்டுவதற்காக உட்கார்ந்தார், அப்படியே ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். மாலையில் அக்கா பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த மேசையில் ஒரே சிரிப்பு. தம்பிக்குப் பக்கத்தில் நின்ற மருத்துவச்சி விழுந்துவிட்டாளாம்.

"குடுத்தே ஆகணுமா?" என்று தம்பி கேட்டது அக்காவுக்கும் கேட்டது.

"கண்டிப்பா சார். நீங்கதான எழுதினீங்க?"

தம்பி ஒரு கணம் பென்சிலைப் பார்த்தார். பிறகு ஒழுங்காக வகுத்துப் பாதியை எழுதிக்கொடுத்தார். யாரையும் திருத்தவில்லை.

இப்போது இரண்டாவது வரைபடப் புத்தகம் தயாராகிறது. அக்கா பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கிரேன்காரர் குழுவோடு ஆடுகிறார், இன்னும் கயிறு சரியாகக் கட்ட வரவில்லை. வீட்டுக்காரர் மாடிப்படியின் கைப்பிடியில் ஒரு கப்பி மாட்டி, கட்டுகளைக் கயிறு போட்டு இழுக்க ஏற்பாடு செய்திருக்கிறார். தம்பி சொன்ன தேதிக்குத் தரமாட்டார் என்று தெரிந்து, அக்கா முன்கூட்டியே தடித்த தாளை வரவழைத்து அவர் வீட்டு முன்னறையில் இறக்கிவிட்டார். நடக்க இடமில்லை என்று தம்பி மனைவி போனில் முறையிட்டாள். "தெற்குத் தீவ முடிச்சுட்டானான்னு மட்டும் சொல்லும்மா" என்றார் அக்கா.